ஹோல்டர் கட்டிய 24 மணி நேரம்

பேனிக் அட்டாக்கை, அதாவது திடீரென்று தாக்கும் கடும் பதற்றத்தை, காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. சிங்கப்பூரின் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்தம் எடுப்பது, வேறு நோய் இந்த வேஷத்தில் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான்: தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை. இது தெரியாமல் போனால் 'எல்லாம் நார்மல்' என்பதே ஏமாற்றமாகிவிடும்.

தைராய்டுக்கு டிஎஸ்எச், ஃப்ரீ டி4 என்ற இரண்டு ஹார்மோன் அளவுகளைப் பார்ப்பார்கள். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். சுரப்பியை அது ஒன்றும் செய்யாது. சில கருவிகளின் அளவீட்டைத்தான் குழப்பும். டிஎஸ்எச் குறைந்தும் டி4 கூடியும் தெரிந்து, இல்லாத தைராய்டு நோய்க்கு அலைச்சல் தொடங்கும். மாத்திரை டப்பாவையே கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

ஈசிஜி சுமார் 10 விநாடிப் பதிவு. படபடப்பு அந்த நேரம் பார்த்தா வரும்? அதனால்தான் ஹோல்டர்: நெஞ்சில் ஒட்டிக்கொண்டு 24 மணி நேரமும் இதயத் துடிப்பைப் பதியும் சிறு கருவி. நெஞ்சில் எண்ணெய், பவுடர், லோஷன் எதுவும் கூடாது. நம்மூர் புழுக்கத்தில் வியர்த்தாலே நெஞ்சில் ஒட்டிய எலக்ட்ரோடு வில்லையின் ஓரம் தூக்கிக்கொள்ளும். பெரும்பாலான கருவிகளோடு குளிக்க முடியாது. படபடத்ததும் பட்டனை அழுத்திவிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: "காலை 8.42, எம்ஆர்டி, நின்றிருந்தேன், விரல் மரத்தது." வெறுமனே 'பயம்' என்று எழுதினால் டாக்டருக்குப் பயனில்லை. பதற்றத்தில் துடிப்பு பெரும்பாலும் படிப்படியாக ஏறி இறங்கும்; எஸ்விடி என்ற இதயத் துடிப்புக் கோளாறில் சுவிட்ச் போட்டதுபோல் சட்டென்று தொடங்கி சட்டென்று நிற்கும். கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடித்த நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

விரல் மரத்ததற்குப் பலர் கால்சியம் மாத்திரை வாங்குகிறார்கள். மூச்சு வேகமெடுத்துக் கரியமில வாயு குறையும்போது, ரத்தத்தில் தனித்து உலவும் கால்சியமும் கொஞ்ச நேரம் குறைகிறது. மறுநாள் பார்த்தால் அளவு சரியாகவே இருக்கும்.

'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' பேக்கேஜுக்குக் காசு செலவழிப்பது, என்னைக் கேட்டால், வீண். அதில் பார்க்கும் கார்ட்டிசோல் ஹார்மோன் காலையில் ஏறும், இரவில் இறங்கும். பதற்ற நோயை அது உறுதிசெய்யாது. லாக்டேட் என்ற உப்புக் கரைசலை ரத்தத்தில் ஏற்றினால் சிலருக்கு அட்டாக் வருகிறது என்று 1967இலேயே காட்டினார்கள். 35% கரியமில வாயுவை ஒரே மூச்சு இழுக்கவைத்தும் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் ஆய்வுக்கூடத்தோடு சரி.

முடிவுகள் வந்த பிறகு பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 கேள்வித்தாள் தரலாம். 21க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு விசாரிப்பார்கள். மனநல நிபுணரைப் பார்க்கப் பலதுறை மருந்தகத்திலேயே கடிதம் வாங்குங்கள், சலுகைக் கட்டணம் கிடைக்கும். நெஞ்சுவலி புதிதாக வந்தால் மட்டும் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 995தான். மருத்துவமனையில் முதல் ட்ரோபோனின் (இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் புரதம்) நார்மல் என்றதும் கிளம்பிவிடாதீர்கள். அது ஏறச் சில மணி நேரம் ஆகும். இரண்டாவது ரத்தமும் எடுக்கச் சொன்னால் இருந்து கொடுத்துவிட்டு வாருங்கள்.