பழைய வளையங்களின் மாதம்: இங்கிலாந்தில் மார்ச் மாதப் பறவை வளையமிடல்

காட்டுப் பறவையைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் போட்டுப் பறக்கவிடும் வளையமிடுபவர்களில் பலருக்கு மார்ச் மாதம் அவ்வளவாகப் பிடிக்காது. குளிர்காலக் கூட்டங்கள் கலையத் தொடங்கியிருக்கும். தெற்கிலிருந்து வரவேண்டியவை முழுதாக வந்திருக்காது. விடிகாலையிலிருந்து வலை விரித்தாலும் எண்ணிக்கை பெரிதாகத் தேறாது. ஆனால் கைக்கு வருகிறவற்றில் கணிசமானவை ஏற்கெனவே வளையம் உள்ளவை. இலையுதிர் காலத்தில் போட்ட நூறு வளையத்தில் குளிரைத் தாண்டியவை எவை என்பது இந்த மாதத்தில்தான் தெரியும். புது வளையம் எத்தனை போட்டோம் என்று கணக்குப் பார்க்கிறவருக்கு இது வறண்ட மாதம், பழைய எண்ணை வாசிக்கிறவருக்கு அறுவடை.

இது கடையில் சாமான் வாங்கி மறுநாள் தொடங்கும் பொழுதுபோக்கு அல்ல. பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காட்டுப் பறவையை வலையில் பிடிப்பது குற்றம். பி.டி.ஓ. எனப்படும் பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளைதான் அனுமதியும் வளையமும் தருகிறது. முதலில் பயிற்சியாளர் ஒருவரின் கீழ் 'டி' அனுமதி, பிறகு 'சி', கடைசியில் 'ஏ'. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக மாதக் கணக்கல்ல, வருடக் கணக்கு ஆகும். அனுமதி இல்லாதவருக்கு அங்கே வலையே விற்க மாட்டார்கள்.

சிறு பறவைக்கான வலையின் கண் முடிச்சுக்கு முடிச்சு 16 மி.மீ. நீளம் 6, 9, 12, 18 மீட்டர் என்று கிடைக்கும். இரண்டே பேர் என்றால் 12 மீட்டரில் மூன்று வலை போதும், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். 3 மீட்டர் மூங்கில் அல்லது அலுமினியக் கம்பம் ஒவ்வொரு முனையிலும், வெளிப்பக்கம் சாய்வாக இழுகயிறு, முளை. வலையில் குறுக்காக ஓடும் கயிறுகள் நன்றாக விறைத்திருக்க வேண்டும். அவற்றுக்கு இடையே உள்ள வலைத்துணி மட்டும் ஒரு சாண் அளவுக்குத் தொய்ந்து பை போல விழவேண்டும். பை இல்லாமல் இழுத்துக் கட்டினால் பறவை மோதித் திரும்பிப் போய்விடும். அதிகம் தொய்ந்தால் சுற்றிச் சுற்றிச் சிக்கும். கீழ்ப் பை தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்காவது இருக்கட்டும். மார்ச் புல்லில் விடியற்காலை உறைபனி கிடக்கும். கனமான பிளாக்பேர்டு ஒன்று விழுந்தால் பை தரையைத் தொட்டு இறகு நனையும், ஐந்தே நிமிடத்தில் குளிர் ஏறிவிடும்.

வில்லோவும் ஆல்டரும் நிற்கும் ஓடைக்கரை இந்த மாதத்துக்கு நல்ல இடம். இலை வராத காலம் என்பதால் பின்னணி வெறிச்சென்று கிடக்கும், வலை பறவைக்குப் பளிச்சென்று தெரியும். பசுமை மாறாத ஐவி, ஹாலி, முட்புதர் எதன் முன்னாலாவது நிழலில் விரிப்பது நல்லது. கிளைகள் ஆடத் தொடங்கினால் வலையைச் சுருட்டிவிட வேண்டும். காற்றில் வலை வீங்கினால் பறவைக்குக் கண்ணில் படும் என்பது ஒரு பக்கம். சிக்கிய பறவை ஆடி ஆடி இறுகும் என்பதுதான் பெரிய காரணம். தூறலுக்கும் இதே விதி, விவாதமே இல்லை.

சூரியன் உதிக்க அரைமணி முன்பே வலை திறந்திருக்க வேண்டும். (மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அன்றைக்கு யாராவது ஒருவர் கட்டாயம் தாமதமாகத்தான் வருவார்.) வலைகளைப் பார்த்துவரும் சுற்று 20 நிமிடத்துக்கு ஒரு முறை, உறைபனிக் காலையில் இன்னும் அடிக்கடி. தீனித் தொட்டிக்குப் பக்கத்தில் வலை போட்டால் நீலப் பட்டாணிக்குருவி ஒரே சுற்றில் இருபது விழக்கூடும். சமாளிக்க முடியாது என்று தோன்றிய உடனே மற்ற வலைகளை மூடிவிட்டுத்தான் முதல் பறவையில் கை வைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

பறவையை எடுக்கும்போது முதல் கேள்வி, அது எந்தப் பக்கத்திலிருந்து பைக்குள் விழுந்தது என்பது. வயிற்றுப் பக்கம் நூல் இல்லாத வாய் தெரியும். அந்த வழியாகத்தான் வந்தது, அந்த வழியாகத்தான் போக வேண்டும். பெரும்பாலும் கால், பிறகு சிறகு, கடைசியில் தலை. காலைப் பிடிக்கும்போது இறகு மூடிய தொடைப் பகுதியில் பிடிக்க வேண்டும்; கீழே இருக்கும் மெல்லிய குச்சிக்கால் நொடியில் ஒடியும். பட்டாணிக்குருவி நூலை விரலால் இறுகப் பற்றிக்கொண்டு, போதாக்குறைக்கு நகக்கண்ணில் கொத்தும். காலை மெல்ல நீட்டிவிட்டால் பிடி தளரும். தலையை அசைக்க முடியாமல் வாய் திறந்தபடி இருந்தால் நூல் நாக்கின் பின்முள்ளில் மாட்டியிருக்கிறது என்று பொருள். இழுக்கவே கூடாது. பல்குத்தும் குச்சியின் நுனியால் நூலை முன்னால் தள்ளி விடுவிக்க வேண்டும். எதுவும் சரிவராவிட்டால் தையற்காரர் நூல் பிரிக்கும் முள்ளால் ஒரு கண்ணை அறுத்துவிடலாம். வலையைத் தைத்துக்கொள்ளலாம்.

கையில் பிடிப்பது எளிது போலத் தெரியும். ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து, முதுகு உள்ளங்கையில், மற்ற விரல்கள் கூண்டு போல. நெஞ்சை அழுத்தினால் பறவைக்கு மூச்சு நின்றுபோகும். அதற்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும்.

எடுத்த பறவையை வளையமிடும் மேசைக்குக் கொண்டுபோகும் பருத்திப் பையில் ஒன்றுக்கு ஒன்றுதான். நீண்டவால் டிட் மட்டும் விதிவிலக்கு: மார்ச்சில் அவை கூட்டத்திலிருந்து இணை இணையாகப் பிரிந்து கூடு கட்டத் தொடங்கியிருக்கும், சேர்ந்து விழுந்தவற்றைச் சேர்த்தே விடவேண்டும். ரென், கோல்ட்க்ரெஸ்ட் போன்ற 5 முதல் 10 கிராம் ஆட்களுக்கு மேசையில் முதலிடம். மாதக் கடைசியில் பெண் பிளாக்பேர்டு வயிறு கனத்து, முட்டையோடு இருப்பதாகத் தோன்றினால் பைக்கே கொண்டுவர வேண்டாம். அங்கேயே விட்டுவிடலாம்.

வளையம் வரிசை எண்படி பிளாஸ்டிக் குழாயில் கோத்து வரும். சிறு கதிர்க்குருவியான சிஃப்சாஃபுக்கு 'ஏஏ', உள்விட்டம் 2.0 மி.மீ.; ராபினுக்கு 'ஏ', 2.3 மி.மீ. பிளாக்பேர்டுக்கு 'சிசி'. இடுக்கியின் வாயில் அளவுக்குத் தகுந்த துளை இருக்கும். முதலில் பிளவு இடுக்கியின் வாய்ப்பக்கம் இருக்கும்படி வைத்து மூடி, பிறகு வளையத்தை வட்டத்தில் நாலில் ஒரு பங்கு திருப்பி இன்னொரு மென்மையான அழுத்து. இரண்டு முனையும் நகம் நுழையாமல் சேரவேண்டும். அவசரத்தில் ஒரே அழுத்தாக அழுத்தினால் ஒரு முனை மற்றதன் மேல் ஏறிவிடும், காலை அறுக்கும். அப்படி ஆனால் கண்டிப்பாகக் கழற்ற வேண்டும், அதுவும் பயிற்சியாளர் கையால். போட்ட வளையம் காலில் தாராளமாகச் சுழன்று மேலும் கீழும் ஓட வேண்டும்.

அடுத்தது வயது. ஐரோப்பா முழுக்க ஒரே குறியீடு. டிசம்பர் வரை 'இந்த வருடக் குஞ்சு' என்று 3 போட்டது ஜனவரி 1 அன்று 5 ஆகிவிடும். அதைவிட மூத்தது 6. சொல்ல முடியாவிட்டால் 4. மார்ச்சில் 5-ஐயும் 6-ஐயும் பிரிப்பது இறகுத் தேய்மானத்தை வாசிப்பதுதான்.

நீலப் பட்டாணிக்குருவியின் சிறகை விரித்து, பறக்கும் நீள் இறகுகளின் அடியை மூடும் சிறு இறகுகளைப் பார்க்க வேண்டும். உடலை ஒட்டிய பெரிய மூடிறகுகளைக் குஞ்சு முதல் இலையுதிர் காலத்திலேயே மாற்றிவிடும், அவை நல்ல நீலம். வெளிப்பக்கத்து முதன்மை மூடிறகுகளை மாற்றாது, அவை பச்சை கலந்த சாம்பல். இரண்டும் அடுத்தடுத்து நிற்கையில் நீலப் புடவையில் சாயம்போன கரை வைத்தது போலத் தெரிந்தால் 5. எல்லாம் ஒரே நீலம் என்றால் 6. வெயிலுக்கு முதுகு காட்டி, நிழல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நேர் வெயிலில் எல்லாமே நீலமாகத் தெரிந்து ஏமாற்றும். ஆண் பிளாக்பேர்டு இன்னும் சுலபம், இளசுக்குக் கருப்புச் சிறகில் சில பழுப்பு இறகுகள் மிச்சமிருக்கும். ராபின் தொல்லை. மூடிறகு நுனியில் உள்ள மஞ்சள்பழுப்புப் புள்ளியை வைத்துச் சொல்லப் பழகியவர்கள் மார்ச்சில் தடுமாறுவார்கள். புள்ளி தேய்ந்துபோயிருக்கும்; மூத்ததிலும் சிலவற்றுக்கு அது உண்டு. சந்தேகம் என்றால் 4 எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. நீண்டவால் டிட்டில் குஞ்சும் முதல் வருடமே எல்லா இறகையும் மாற்றிவிடுவதால் மார்ச்சில் எப்போதும் 4-தான்.

பழைய வளையம் வரும்போதுதான் இந்த ஊகங்களுக்குப் பரீட்சை. எண்ணைப் பதிவில் தேடும் முன்பே வயதைச் சொல்லிவிட வேண்டும் என்பது நல்ல பழக்கம். 5 என்று அடித்துச் சொன்ன பறவை மூன்று வருடம் முன்பு வளையமிட்டதாக வெளிவந்தால் மறுபடி சிறகைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். எண்ணை ஒருவர் வாசிக்க, எழுதியவர் திரும்பப் படிக்க, வாசித்தவர் மறுபடி வளையத்தைப் பார்க்க வேண்டும். ஓர் இலக்கம் மாறினால் அது வேறொரு பறவையின் எண் ஆகிவிடும்.

இறக்கை நீளம் மி.மீ. கணக்கில், முனையில் தடுப்பு உள்ள அளவுகோலால். எடை 0.1 கிராம் காட்டும் தராசில். பறவையைத் தலைகீழாகப் பழைய ஃபிலிம் டப்பாவில் போட்டால் அசையாது. தொண்டைக்குக் கீழே உள்ள குழியை ஊதிப் பார்த்தால் தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும், 0 முதல் 8 வரை மதிப்பெண்.

மாதத்தின் நடுவில் சிஃப்சாஃப் வந்துவிடும். நெற்றியில் அலகை ஒட்டி ஒரு கருத்த கட்டி இருந்தால் நோய் என்று பதற வேண்டாம். மத்தியதரைக் கடல் பக்கத்துப் பூக்களில் தேன் குடித்தபோது ஒட்டி இறுகிய மகரந்தம் அது. மாதக் கடைசியில் அதே சாயலில் இருக்கும் வில்லோ வார்ப்ளரும் கலந்துகொள்ளலாம். கால் நிறம் பாதி நேரம் உதவும். உறுதியான வழி இறகு. வெளியிலிருந்து எண்ணினால், அந்தக் குட்டி முதல் இறகையும் சேர்த்து, 3, 4, 5-ஆம் நீள் இறகுகளின் வெளி விளிம்பு இரண்டு இனத்திலும் நுனிப்பக்கம் ஒடுங்கும். 6-ஆவதும் ஒடுங்கினால் சிஃப்சாஃப்.

கருந்தலைக் கதிர்க்குருவியான பிளாக்கேப்பில் இன்னொரு சுவாரசியம். குளிர்காலம் முழுக்க இங்கிலாந்துத் தோட்டங்களில் ஆப்பிள் தின்பவை இந்நாட்டில் கூடு கட்டுபவை அல்ல, மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்தவை என்று காட்டியதே வளையங்கள்தான். மார்ச்சில் ஒரு கூட்டம் கிழக்கே கிளம்ப, இன்னொன்று தெற்கிலிருந்து வருகிறது. கையில் இருப்பது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது, ஏற்கெனவே வளையம் இருந்தாலொழிய.

உரிமம் இல்லாதவர்களும் வாசிக்கலாம். லண்டன் பூங்காக் குளங்களின் கம்பி வேலியில் கருந்தலைக் கடற்காகங்கள் வரிசையாக நிற்கும். பிப்ரவரியிலிருந்து தலை சாக்லேட் பழுப்பாக மாறும், மார்ச்சில் பால்டிக் பக்கம் கிளம்பிவிடும். ஆகவே கடைசி வாய்ப்பு இதுதான். வண்ண பிளாஸ்டிக் வளையம் என்றால் நிறம், எழுத்தின் நிறம், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, கீழிருந்து மேலாக வாசித்த எழுத்து ஆகிய ஐந்தையும் குறிக்க வேண்டும். உலோக வளையத்தில் எண் சுற்றி ஓடுவதால் ஒரு படத்தில் முழு எண்ணும் வராது. பறவை திரும்பத் திரும்ப நாலைந்து படம் எடுத்து, இலக்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக்கொள்ள வேண்டும். 8-ம் 3-ம் தேய்ந்த வளையத்தில் ஒன்றேபோல் இருக்கும்.

ஊரில் இதைச் செய்யலாமா என்றால், வளையமிடுவது முடியாது. இந்தியாவில் அது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்ற ஆய்வாளர்களின் வேலை; பெரும்பகுதி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துடையது. வாசிப்பதற்குத் தடையில்லை. கோடியக்கரையில் மாசி, பங்குனியில் உள்ளான்கள் வடக்கே கிளம்பும் முன் இரை தேடிக் குவியும்போது தொலைநோக்கியும் பொறுமையும் போதும். அங்கே காலில் கொடி போல நீட்டிக்கொண்டிருக்கும் வண்ணப் பட்டைகளையும் காணலாம். இரண்டு இருந்தால் எது மேலே எது கீழே என்பது முக்கியம். மேலே கருப்பு, கீழே வெள்ளை என்றால் ஷாங்காய் பக்கத்துச் சோங்மிங் தீவு. வெறும் ஆரஞ்சு என்றால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா. பெரும்பாலும் வளையம் தண்ணீருக்குள் இருக்கும், சேறும் அப்பியிருக்கும். பறவை ஒற்றைக்காலில் தூங்கிக்கொண்டிருந்தால் மற்றக் காலை இறக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.