அசிசி பயணம்: ஆயர் வீட்டு முற்றத்துல பாடின பாட்டு

இத்தாலியில துறவி புனித பிரான்சிஸோட ஊரான அசிசிக்கு போறவங்க நிறைய பேர் பெரிய பேராலயம், கல்லறை, கடைல நாலு ஜெபமாலை, அப்புறம் பஸ்ஸுன்னு முடிச்சிடறாங்க, குரூப்ல போனா வேற வழியும் இல்ல. எனக்கு அங்க ஒரு விஷயம் பார்க்க வேண்டி இருந்துச்சு. மலைப்பொழிவுல இயேசு சொல்றாரே, "அமைதி ஏற்படுத்துவோர் பேறுபெற்றோர், ஏனெனில் அவர்கள் கடவுளின் மக்கள் என அழைக்கப்படுவர்"னு, மத்தேயு 5:9, அத வாசிக்கும்போதெல்லாம் புனித பிரான்சிஸ்தான் ஞாபகத்துக்கு வருவார், ஆனா அவர் நெஜமா யாரோட சண்டைய எப்படி தீர்த்து வச்சார்னு யாராவது கேட்டா தோள்ல உக்காந்த பறவை, குப்பியோ ஊர்ல அவர் சாதுவாக்கின ஓநாய் இத தாண்டி எனக்கு சொல்ல வரல.

ரயில் நிக்கிறது மலைக்கு கீழ, சாந்தா மரியா தெலி ஆஞ்சலியில. அங்க ஒரு பெரிய பேராலயத்துக்குள்ள போர்சியுங்குலான்னு ஒரு குட்டி கோயில் அப்படியே நிக்குது, கோயிலுக்குள்ள கோயில். அதுக்கு பக்கத்துலயே அவர் உயிர் விட்ட இடம், 1226 அக்டோபர் 3 சாயங்காலம். கூட்டம் ஒரு நிமிஷம் நின்னு நகர்ந்துடுது, நாங்களும் நகர்ந்துட்டோம்.

அங்கேருந்து பஸ்ல மேல ஏறினா வெளிர் ரோஸ் கல்லுல கட்டின ஊர், சுபாசியோ மலைச்சரிவு, மேல் கோயில் கீழ் கோயில்னு ரெண்டு அடுக்கா இருக்கற பிரான்சிஸ் பேராலயத்துல மேல் கோயிலுக்கு முன்னாடி புல்வெளியில செடிய வெட்டியே லத்தீன்ல அமைதின்னு எழுதி வச்சிருக்காங்க, எல்லாரும் போட்டோ எடுக்கறது அத தான். நான் பார்த்தது அதுக்கு எதிர்ப்பக்கம். மேற்க பள்ளத்தாக்க தாண்டி இன்னொரு மலை மேல பெருஜியா நகரம் கண்ணுக்கு தெரியுது. அதுதான் அந்த காலத்து எதிரி ஊரு. 1202ல கொலெஸ்த்ராதாவுல ரெண்டு ஊரும் மோதினப்ப பிரான்சிஸ் அசிசி பக்கம் சண்டைக்கு போனவர், தோத்து, பிடிபட்டு, கிட்டத்தட்ட ஒரு வருஷம் பெருஜியா சிறையில கிடந்தவர். அப்புறமும் மறுபடி போருக்கு கிளம்பி ஸ்பொலேத்தோ வரைக்கும் போயிருக்கார். அதனால இவர் பூவும் பறவையுமா வளர்ந்த ஆளுன்னு நினைக்காதீங்க, வாள் புடிச்ச கைதான் அது.

மேல் கோயில் சுவர் முழுக்க அவர் வாழ்க்கை, 28 ஓவியம், ஜியாட்டோ வரைஞ்சதுன்னு சொல்வாங்க, அறிஞர்கள் நடுவுல அதுல இன்னும் தகராறு இருக்கு (அமைதியின் புனிதர் கோயில்ல இதுக்கும் ஒரு சண்டை). அதுல ரெண்டு படத்துக்கு முன்னாடி நான் ரொம்ப நேரம் நின்னேன், உள்ள போட்டோவும் எடுக்க கூடாது, பேசவும் கூடாது, பேசினா மைக்ல "சிலென்சியோ"ன்னு ஒரு குரல் வரும். ஒண்ணு அரேசோ நகரம், ஊருக்குள்ளயே ரெண்டா பிரிஞ்சு வெட்டிக்கிட்டு இருந்தாங்க, அங்கேருந்து பேய்கள் பறந்து ஓடற படம். இன்னொண்ணு சுல்தான் முன்னாடி நெருப்பு.

அந்த சுல்தான் விஷயம்தான் எனக்கு பெருசு. 1219, ஐந்தாம் சிலுவைப்போர், எகிப்துல தமியெத்தா கோட்டைய சிலுவைப்படை சுத்தி வளைச்சிருக்கு, ரெண்டு பக்கமும் பிணம் விழுது, அந்த நேரத்துல இவரு இல்லுமினாத்தோங்கற ஒரு சகோதரர கூட்டிக்கிட்டு ஆயுதம் ஒண்ணும் இல்லாம நடந்து எதிர்ப்பக்கம் போயி சுல்தான் மாலிக் அல்-காமில பார்த்திருக்கார். தலை திரும்பி வந்ததே அதிசயம். ஓவியத்துல நெருப்பு எரியுது, நான் வேணும்னா நெருப்புல இறங்கறேன்னு சவால் விட்டார்ங்கற கதை, ஆனா அப்போ அந்த பக்கமே இருந்த ஆக்கர் நகர ஆயர் ஜாக் தெ வித்ரி எழுதின கடிதத்துல நெருப்பு கிடையாது, பிரான்சிஸ் சில நாள் அங்க போய் இறைவார்த்தைய சொன்னார், பெருசா பலன் இல்ல, சுல்தான் தனியா எனக்காக வேண்டிக்கோங்கன்னு கேட்டார், அவ்வளவுதான். எனக்கு இந்த சின்ன கதைதான் புடிச்சிருக்கு. போர் நிக்கல. அதே வருஷம் நவம்பர்ல கோட்டை விழுந்துச்சு, 1221ல சிலுவைப்படை தோத்து திரும்பிச்சு.

ஆனா அந்த பயணம் வீணா போகலன்னு எனக்கு தோண காரணம், அவர் திரும்பி வந்த பிறகு தன்னோட துறவு சபைக்கு எழுதின 1221 ஒழுங்குல ஒரு பகுதி இருக்கு. முஸ்லிம் மக்கள் நடுவுல வாழ போற சகோதரர்கள் எப்படி இருக்கணும்னு சொல்றார், முதல் வழி என்னன்னா வாதம் பண்ணாதீங்க, சண்டை போடாதீங்க, கடவுளுக்காக எல்லாருக்கும் அடங்கி இருங்க, நாங்க கிறிஸ்தவங்கன்னு மட்டும் சொல்லுங்க. சிலுவைப்போர் நடந்துட்டு இருக்கற காலத்துல இத எழுதறது சாதாரண விஷயமா சொல்லுங்க.

கீழ் கோயில்ல ஒரு அறையில சுல்தான் குடுத்ததா சொல்ற ஒரு ஊதுகொம்பு வச்சிருக்காங்க, அதயும் பார்த்துட்டு கல்லறைக்கு இறங்கினோம். 1818 வரைக்கும் உடல் எங்க இருக்குன்னே தெரியாம ஒளிச்சு வச்சிருந்தது, இப்போ கல்பெட்டிய சுத்தி அவரோட தோழர்கள் நாலு பேர் கல்லறையும் இருக்கு. எங்க குரூப்ல எல்லாரும் அந்த "அமைதியின் கருவியாய்" ஜெபத்த மெதுவா சொன்னாங்க, நானும் சொன்னேன். அது அவர் எழுதினது இல்ல, 1912ல பாரிஸ்ல ஒரு பிரெஞ்சு பத்திரிகையில முதல்ல வந்தது, ஆனா அங்க நின்னு அத யாருகிட்ட சொல்றது, ஜெபம் நல்ல ஜெபம்தானே.

நான் தேடினது கிடைச்சது இங்க எங்கயும் இல்ல, ஆயர் இல்லத்துக்கிட்ட. பக்கத்துல சாந்தா மரியா மாஜோரே கோயில், அங்கதான் சின்ன வயசுலயே இறந்து 2025 செப்டம்பர்ல புனிதரான கார்லோ அகுதிஸ் உடல் இருக்கு, அதனால இளைஞர் கூட்டம் வரிசை கட்டி நிக்குது, நல்ல விஷயம்தான். பிரான்சிஸ் உங்க சொத்தே வேணாம்னு அப்பாகிட்ட போட்டிருந்த துணிய கழட்டி குடுத்துட்டு போனதும் இங்க ஊர் ஆயர் முன்னிலையிலதான்னு எல்லாரும் சொல்வாங்க. அவரோட கடைசி காலத்துல இங்க நடந்த இன்னொண்ண யாரும் சொல்றதில்ல.

அசிசி ஆயர் குயிதோவுக்கும் நகர நிர்வாகிக்கும், போதெஸ்தான்னு சொல்வாங்க, பயங்கர பகை. ஆயர் அவர திருச்சபைய விட்டே விலக்கிட்டார். பதிலுக்கு அவர் ஊர்ல அறிவிப்பு குடுத்துட்டார், யாரும் ஆயருக்கு எதையும் விக்க கூடாது, அவர்கிட்ட வாங்க கூடாது, எந்த ஒப்பந்தமும் கூடாதுன்னு. பிரான்சிஸ் அப்போ கண்ணு கிட்டத்தட்ட போயி, வலியோட படுக்கையில. இத கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை யார் தப்புங்கறது இல்ல, இவங்க இப்படி வெறுத்துக்கறாங்க, நடுவுல போக ஒருத்தர் கூட இல்லயே, கடவுளோட ஊழியர்கள்னு சொல்லிக்கற நமக்கு இது எவ்வளவு பெரிய வெக்கம்னாராம். அப்புறம் ஏற்கனவே பாடியிருந்த படைப்புகளின் பாட்டுல, அதான் சூரியன் அண்ணன், நிலா அக்கான்னு வருமே அதுல, புதுசா ஒரு சரணம் சேர்த்தார். உம்மேல உள்ள அன்புக்காக மன்னிக்கறவங்களுக்காக, நோவும் துன்பமும் தாங்கறவங்களுக்காக உமக்கு புகழ்னு. ஒரு சகோதரர அனுப்பி போதெஸ்தாவ ஊர் பெரியவங்களோட ஆயர் வீட்டுக்கு வர சொன்னார், இன்னும் ரெண்டு பேர அனுப்பி எல்லார் முன்னாடியும் இத பாடுங்கன்னார். அவ்வளவுதான், அவர் அங்க போகவே இல்ல.

பாட்டு ஆரம்பிச்சதும் போதெஸ்தா எழுந்து நின்னு கைய கூப்பி அழுதுக்கிட்டே கேட்டாராம், என் சகோதரனையோ மகனையோ கொன்னவனையும் மன்னிப்பேன்னு சொல்லி ஆயர் கால்ல விழுந்துட்டார். ஆயர் அவர தூக்கி விட்டு சொன்னது என்னன்னா, என் பதவிக்கு தாழ்மை வேணும், ஆனா எனக்கு இயல்புலயே கோவம் சட்டுனு வந்துடும், நீ என்னை மன்னிக்கணும். கூட இருந்த தோழர்களோட நினைவுகள்ல இது பதிவாகியிருக்கு.

இதுல எனக்கு ஒரு நெருடல் இருந்துச்சு, மறைக்க மாட்டேன். யார் பக்கம் நியாயம்னே கேக்காம பாட்டு பாடி சேர்த்து வச்சா அது ஒருத்தனுக்கு அநியாயமா போகாதா? வீட்டுலயும் ஆபீஸ்லயும் சமாதானம் பண்றவங்க "சரி விடு, பெரிசு பண்ணாத"ன்னு அடி வாங்கினவன்கிட்டதானே சொல்றாங்க, அடிச்சவன் ஹாயா இருப்பான். ஆனா அங்க நின்னு யோசிச்சப்ப தெரிஞ்சது, பிரான்சிஸ் யாரையும் விடுன்னு சொல்லவே இல்ல. உண்மை வெளிய வந்துச்சு, எனக்கு கோவம் அதிகம்னு ஒரு ஆயர் ஊர் பெரியவங்க முன்னாடி சொல்றது சின்ன உண்மையா. ஆனா அது அவங்கவங்க வாயிலேருந்து வந்துச்சு, மூணாவது ஆள் தீர்ப்பு சொல்லி வரல. நடுவுல போன ஆள் தீர்ப்பு சொல்லியிருந்தா தோத்தவன் வீட்டுக்கு போய் அடுத்த சண்டைக்கு ரெடி ஆகியிருப்பான். 1222ல பொலோனியா சதுக்கத்துல அவர் பண்ண பிரசங்கத்த நேர்ல கேட்ட ஒரு மாணவர் எழுதி வச்சிருக்கார், கிழிஞ்ச உடுப்பு, பார்க்க ஒண்ணுமே இல்ல, பேச்சு முழுக்க பகைய விடுங்க, புதுசா ஒப்பந்தம் பண்ணுங்கங்கறதுதான், ரத்தம் சிந்தின பெரிய குடும்பங்கள் பல அன்னைக்கு சமாதானம் ஆனாங்கன்னு.

1986 அக்டோபர் 27ல போப் இரண்டாம் ஜான் பால் எல்லா மதத்து தலைவர்களையும் அமைதிக்கு ஜெபிக்க கூப்பிட்டது இந்த ஊருக்குத்தான், ஏன் ரோம்ல வைக்கலன்னு இப்போ எனக்கு கேள்வி இல்ல.

போறவங்களுக்கு ஒண்ணு. அந்த படைப்புகளின் பாட்டு பிறந்ததா சொல்ற சான் தமியானோ கோயில விட்டுடாதீங்க, மதில விட்டு வெளிய ஆலிவ் தோட்டத்து வழியா இறங்கி நடக்கணும், மதியம் மூடிடுவாங்க, அதனால காலைலயே போயிடுங்க, திரும்பி வர்றது நல்ல ஏத்தம், முட்டி வலி இருக்கறவங்க டாக்சி எடுத்துக்கோங்க.