ஹூஸ்டன் ஈரப்பதம்: சதவீதத்தை நம்பாதீங்க

ஹூஸ்டன் இருக்குற டெக்சாஸ் ஹாரிஸ் கவுண்டிக்குப் புதுசா குடிவர்றவங்க, போன்ல ஈரப்பதம் எத்தனை சதவீதம்னு பார்த்து ஏமாறுறாங்க. காலையில 90, மதியம் 55 காட்டும். காத்து சூடானதால சதவீதம் மட்டும் இறங்குது. ஈரம் அப்படியேதான் இருக்கு. பார்க்க வேண்டியது ட்யூ பாயிண்ட், அதாவது காத்துல இருக்குற ஈரம் தண்ணியா மாற ஆரம்பிக்கிற வெப்பநிலை. கோடை பூரா 75 ஃபாரன்ஹீட்டை ஒட்டியே நிக்கும். பக்கத்துலயே மெக்சிகோ வளைகுடா, வேறென்ன ஆகும்! ஏசியை விட்டு வெளிய வந்தா மூக்குக்கண்ணாடி வெள்ளையா மூடிக்கும்.

இதுல முதல்ல அடிவாங்குறது ஏசி தண்ணி வடியுற குழாய், அந்த முக்கால் இன்ச் வெள்ளை பிவிசி. உள்ள வழவழன்னு பாசி கட்டி அடைச்சா ஏசிக்கு அடியில தண்ணி பிடிக்கிற தட்டு நிரம்பும். மிதவை சுவிட்ச் இருந்தா ஏசி நின்னுடும்; இல்லைன்னா சீலிங் ஊறும். மாசம் ஒருதடவை ஏசியை அணைச்சு, குழாய் மூடியைக் கழட்டி ஒரு கப் வெள்ளை வினிகர் ஊத்தி, அரைமணி கழிச்சு தண்ணி விடுங்க. தேவைக்கு மேல பெரிய ஏசியும் வேணாம். சட்டுனு குளிராக்கிட்டு நின்னுடும், ஈரத்தை இழுக்க நேரமே இருக்காது.

புயல் சீசன் ஜூன் 1-ல ஆரம்பிக்கும். அரசு வெள்ளக் காப்பீடு பொதுவா 30 நாள் கழிச்சுத்தான் அமலாகும், அதனால ஏப்ரல்லயே எடுத்துடுங்க.