காலையில் படுத்துக் கிடந்த வண்டி

என் வண்டியின் ஏர் சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் முதல் கம்ப்ரஸர் ஒன்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு எரிந்தது. அதற்குப் பதிலாகப் போட்ட புதிய கம்ப்ரஸர் எட்டாவது மாதத்திலேயே எரிந்துபோனது. முதலாவதை வயதின் கணக்கில் எழுதிவிடலாம். இரண்டாவதை அப்படி எழுத மனம் ஒப்பவில்லை. வேலை செய்து கொடுத்த பட்டறையில் கேட்டபோது, "இந்த ஏர் சஸ்பென்ஷன் வண்டி எல்லாமே இப்படித்தான் சார், இன்னொன்று போட்டுவிடலாம்" என்றார்கள். மூன்றாவதை வாங்குவதற்கு முன், இரண்டாவது ஏன் செத்தது என்று நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான் மெக்கானிக் அல்ல. மேடு பள்ளங்களிலும் சேற்றிலும் வண்டி ஓட்டுவதில் ஆசை உள்ளவன், அவ்வளவுதான். ஆனாலும் இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டதில் பெரும்பகுதி ஒரு அளவு நாடாவும், சோப்புத் தண்ணீரும், இரண்டு இரவுப் பொறுமையும்தான்.

இந்த அமைப்பில் சுருள்வில்லின் இடத்தில் நான்கு ரப்பர் காற்றுப்பைகள் இருக்கின்றன. கம்ப்ரஸர் காற்றை அழுத்தி, ஈரம் உறிஞ்சும் மணிகள் நிறைந்த உலர்த்தியின் வழியாகத் தொட்டிக்கு அனுப்புகிறது. தொட்டியிலிருந்து வால்வு பிளாக் அதைப் பைகளுக்குப் பங்கிடுகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள உயர சென்சார் சொல்வதைக் கேட்டு, எந்தப் பைக்குக் காற்று வேண்டும், எதிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி தீர்மானிக்கிறது.

என் வண்டி இரவில் நிமிர்ந்து நின்று, காலையில் நான்கு மூலையும் தாழ்ந்து படுத்துக் கிடக்கும். எஞ்சினை இயக்கியதும் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு வண்டியைத் தூக்கும். நான்கும் இறங்குவதால் நான்கு பைகளும் தேய்ந்துவிட்டன என்றோ, எல்லாவற்றுக்கும் பொதுவான வால்வு பிளாக் போய்விட்டது என்றோ நானும் பல மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை தவறு. பல வண்டிகளில், சாவியை எடுத்துவிட்டுப் போன பிறகும் கட்டுப்பாட்டுப் பெட்டி சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து உயரங்களைச் சரிபார்க்கிறது. எஞ்சின் ஓடாத நேரத்தில் தாழ்ந்த மூலையைத் தூக்கக் கம்ப்ரஸரை இயக்காமல், மற்ற மூன்றிலிருந்தும் காற்றை வெளியேற்றி எல்லாவற்றையும் தாழ்ந்ததன் மட்டத்துக்கே இறக்கிவிடுகிறது. வண்டி சாய்ந்து நிற்கக் கூடாது என்பது அதன் நோக்கம். விளைவு என்னவென்றால், ஒரு மூலை செய்த குற்றத்தை மற்ற மூன்றும் சேர்ந்து மறைக்கின்றன.

ஆகவே முதல் வேலையாக, இரவில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சஸ்பென்ஷனுக்கு உரிய ஃபியூஸைக் கழற்றி வைத்தேன். சக்கரத்தின் மையத்திலிருந்து அதன் மேலுள்ள வளைவின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து, பெயிண்ட் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டினேன். தரையிலிருந்து அளக்கக் கூடாது. டயரில் காற்றுக் குறைந்தால் அந்த அளவும் மாறிவிடும். காலையில் மற்ற மூன்றும் 4 மி.மீ.க்குள்தான் இறங்கியிருந்தன. முன்பக்க இடது மட்டும் 462 மி.மீ.யிலிருந்து 431 மி.மீ.க்கு வந்திருந்தது. இத்தனை மாதம் நான்கு பேர் மீது இருந்த சந்தேகம் ஒரே இரவில் ஒருவர் மீது வந்து நின்றது. ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கியிருந்தால், அப்போதுதான் வால்வு பிளாக்கைத் தீவிரமாகச் சந்தேகித்திருப்பேன்.

கீழே குனிவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காற்றுப்பையை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. வால்வு திறந்தால் இரண்டு டன் எடை நொடிக்கணக்கில் கீழே வந்துவிடும். வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டுகளை முட்டுக் கொடுத்து, எடை அவற்றின் மீது அமர்ந்திருப்பதை உறுதி செய்த பிறகே உள்ளே போக வேண்டும். குழாயைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் காற்றை முறையாக வெளியேற்ற வேண்டும். தொட்டியில் இருப்பது 10 பாருக்கும் மேற்பட்ட அழுத்தம்.

வண்டியை அதன் அதிகபட்ச உயரத்துக்குத் தூக்கிவிட்டுத்தான் சோப்புத் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். பையின் ரப்பர் கீழ்ப்புறத்தில் மடிந்து உருளும் இடத்தில்தான் பெரும்பாலும் வெடிப்பு விடும். வண்டி தாழ்ந்திருக்கும்போது அந்த மடிப்பு உள்ளே ஒளிந்துகொள்ளும். நான் அந்த மடிப்பில்தான் குமிழியை எதிர்பார்த்தேன். கால் மணி நேரம் பார்த்தும் அங்கே ஒன்றும் இல்லை. பிறகு பையின் உச்சியில், குழாய் வந்து சேரும் இணைப்பில் தெளித்தேன். அந்த இடம் கண்ணுக்கு நேராகத் தெரியாது. கைப்பேசியின் கேமராவை உள்ளே நுழைத்துத்தான் பார்க்க முடிந்தது. கடுகளவு குமிழி ஒன்று முளைத்தது, மெல்ல மிளகளவு ஆனது, உடைந்தது, மறுபடி முளைத்தது. சத்தமே இல்லை. எட்டு மாதத்தில் ஒரு கம்ப்ரஸரைக் கொன்றது அதுதான்.

குழாயைக் கழற்றிப் பார்த்தபோது அதன் முனை சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் பிடிக்கும் இடத்தில் நீளவாக்கில் ஒரு கீறலும் இருந்தது. முன்பு யாரோ இடுக்கியால் பிடித்து இழுத்திருக்க வேண்டும். கூர்மையான பிளேடால் ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டியெறிந்து, புதிய ஓ-ரிங்குடன் முட்டும்வரை உள்ளே தள்ளினேன். பழுதுபார்த்தல் என்று சொன்னால் அவ்வளவுதான்.

இவ்வளவு சிறிய கசிவு எப்படிக் கம்ப்ரஸரைக் கொல்லும் என்பது எனக்கு அதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அது இடைவிடாமல் ஓடப் பிறந்த இயந்திரம் அல்ல. கொஞ்ச நேரம் ஓடி, ஆறி, மறுபடி ஓட வேண்டியது. கசிவு இருந்தால் ஒவ்வொரு காலையும் நான்கு பைகளையும் அடியிலிருந்து நிரப்ப வேண்டியிருக்கிறது. சூடேறி, பிஸ்டன் வளையம் தேய்ந்து, அதனாலேயே இன்னும் நீண்ட நேரம் ஓட வேண்டிய நிலைக்கு வருகிறது. இதைவிட நுட்பமான கேடு உலர்த்தியில் நடக்கிறது. வண்டி முறையாகத் தாழும்போது, பைகளின் உலர்ந்த காற்று உலர்த்தி வழியாகவே வெளியேறி, மணிகள் பிடித்து வைத்த ஈரத்தையும் கூடவே எடுத்துச் செல்கிறது. கசிந்து போகும் காற்றோ வேறு வழியில் போய்விடுகிறது; மணிகளுக்கு ஈரம் வரவு மட்டும் உண்டு, செலவு இல்லை. என் பழைய கம்ப்ரஸரின் உலர்த்தியைத் திறந்தபோது, மணிகள் நனைந்த ஜவ்வரிசி போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அடியில் வெள்ளைத் தூள். அந்தத் தூள் வால்வு பிளாக்குக்குள் போய்விட்டால் வால்வுகள் சரியாக மூடாது. அப்போது கசிவு இரண்டாகிவிடும்.

கம்ப்ரஸரை மாற்றுகிறவர்கள், அதற்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயையும் மாற்றிவிட வேண்டும். நீண்ட நேரம் மின்சாரத்தைச் சுமந்த ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால், கட்டுப்பாட்டுப் பெட்டி நிறுத்தச் சொன்னாலும் கம்ப்ரஸர் நிற்காது. என் பழைய ரிலேயின் பிளாஸ்டிக் அடிப்பாகம் பழுப்பேறி இருந்தது. புதிய கம்ப்ரஸரைப் போட்டவர்கள் அதை அப்படியே விட்டிருந்தார்கள்.

எல்லாக் கோளாறும் கசிவாக இருக்காது என்பதைச் சில மாதங்கள் கழித்து ஓர் ஓடையைக் கடந்தபோது கற்றுக்கொண்டேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்க வலது மூலை திடீரென்று எழும்பியது, பிறகு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நிறுத்தி வைத்தால் இறங்கவில்லை. நிற்கும்போது இறங்கினால் கசிவு, ஓடும்போது குதித்தால் சென்சார் என்பது முழு விதி இல்லை என்றாலும், தேடலைத் தொடங்க நல்ல இடம். வண்டியின் பழுதுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொண்டு, நான்கு சென்சார்களின் நேரடி அளவைப் பார்த்தேன். மூன்று அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. இணைப்பியைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்த செம்பு. சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. சென்சாரையே மாற்றியிருந்தால் உயரத்தை மறுபடி அளவீடு செய்து பதிவேற்ற வேண்டியிருந்திருக்கும். இதற்கெல்லாம் முன்பாக பேட்டரியைப் பார்ப்பது நல்லது. மின்னழுத்தம் குறைந்த வண்டி இல்லாத பழுதுகளையெல்லாம் சொல்லும்.

இந்தத் தொல்லையே வேண்டாம், சுருள்வில்லை மாட்டிவிடு என்று நண்பர்கள் சொல்வது புதிய யோசனை இல்லை. 1957 ஆம் ஆண்டு மாடலான கேடிலாக் எல்டொராடோ புரோம் காற்றுப்பைகளுடன் வந்து, கசிவுக்கு அஞ்சிய பல உரிமையாளர்களால் சுருள்வில்லுக்கு மாற்றப்பட்டது. 1992-இல் ரேஞ்ச் ரோவரில் காற்றுப்பை வந்த பிறகும் அதே கதை தொடர்ந்தது. நான் மாற்றவில்லை. பாறையில் அடிவயிறு தட்டும்போது ஒரு பொத்தானில் எழுந்து நிற்கும் வசதியை இழக்க எனக்கு மனமில்லை. அதற்குக் கூலியாக, சேற்றில் ஓட்டிவிட்டு வந்தால் வண்டியை முழு உயரத்தில் நிறுத்தி, பையின் மடிப்பில் சிக்கிய மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறேன். அந்த மணல்தான் ரப்பரை அரம் போல அறுக்கிறது.

குழாயைச் சரிசெய்த அன்றிரவு ஃபியூஸைக் கழற்றி மறுபடி அளந்து வைத்தேன். காலையில் நான்கு மூலையும் 3 முதல் 4 மி.மீ. இறங்கியிருந்தன. இன்னும் எங்கோ கசிகிறது என்று ஒரு கணம் சோர்ந்துபோனேன். பிறகுதான் இரவின் குளிர் நினைவுக்கு வந்தது: வெப்பம் 10 டிகிரி குறைந்தால் பைக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 3 சதவீதம் சுருங்கும். ஃபியூஸை மாட்டாமலே விட்டுவிட்டு, வெயில் ஏறிய பிறகு நண்பகலில் போய் அளந்தேன். கம்ப்ரஸர் ஒரு நொடிகூட ஓடாமல், டேப்பில் எழுதிய அளவுக்கே நான்கும் திரும்பி வந்திருந்தன.