எல்டிஹெச் 600: நோயா, ஊசியா?

கோவிட் நோயாளி ஒருவருக்கு எல்டிஹெச் (செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதி) 600 என்று உயர்ந்து வந்தால், வார்டுக்குப் போன் போடுவதற்கு முன் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மெல்லிய ஊசி, சிரிஞ்சைச் சட்டென்று இழுத்தது, குழாயைக் குலுக்கியது என எதனாலும் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருக்கும் எல்டிஹெச் சீரத்தில் கொட்டிவிடும். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த எண்ணை வைத்து நுரையீரலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மறுபடி ரத்தம் எடுப்பதுதான் வழி.

டி-டைமர் (ரத்தக்கட்டி கரையும்போது வரும் புரதத் துண்டு) இன்னும் வம்பு பிடித்தது. நீல மூடிக் குழாயில் ரத்தம் ஒன்பது பங்கு, சிட்ரேட் ஒரு பங்கு. கோடு வரை நிரம்பாவிட்டால் பிளாஸ்மா நீர்த்து, மதிப்பு குறைந்து வரும். அதைவிடப் பெரிய குழப்பம் அலகில். டி-டைமரை எஃப்இயூ, டிடியூ என இரண்டு அலகுகளில் எழுதுகிறார்கள்; 500 எஃப்இயூவும் 250 டிடியூவும் ஏறத்தாழ ஒன்றே. நேற்று ஒரு லேப், இன்று வேறொரு லேப் என்றால், நோயாளி அப்படியே இருக்க, தாளில் மட்டும் நோய் இரட்டிப்பாகும். அழற்சியைக் காட்டும் சிஆர்பியில் லிட்டருக்கு 75 மில்லிகிராம் என்பது டெசிலிட்டருக்கு 7.5, அவசரத்தில் அந்தப் புள்ளி கண்ணில் படாது.

மருந்தும் எண்ணை மாற்றும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தொடங்கிய மறுநாள் வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் ஏறி, லிம்ஃபோசைட் இறங்கி, இரண்டின் விகிதம் பயமுறுத்தும். ஐஎல்-6 என்ற அழற்சிச் சமிக்ஞையின் ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாபுக்குப் பிறகு நடப்பது நேர்மாறு: கல்லீரலுக்குப் போகும் ஐஎல்-6 கட்டளை தடைபடுவதால் சிஆர்பி சரியும். கூடவே பாக்டீரியா தொற்று வந்திருந்தாலும் சிஆர்பி வாய் திறக்காது. அதே நேரம் ரத்தத்தில் ஐஎல்-6 அளவு கூடத்தான் செய்யும். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டதாக முடிவெடுப்பது தவறு.

மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளியின் இறப்பு அபாயத்தைக் கணிக்கும் 4சி மதிப்பெண்ணில் மொத்தம் 21 புள்ளி. எட்டு அம்சங்களில் ரத்தப் பரிசோதனை இரண்டே: யூரியாவுக்கு அதிகபட்சம் 3, சிஆர்பிக்கு 2. வயதுக்கு மட்டும் 7 வரை உண்டு. மூச்சு எண்ணிக்கையும் ஆக்சிஜன் அளவும் உண்டு. இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினும் டி-டைமரும் கிடையாது. தினமும் பத்து டெஸ்ட் எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை பார்ப்பது நல்லது. யூரியாவிலும் ஒரு பொறி உண்டு. அந்த அட்டவணை கேட்பது லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வந்தால், யூரியாவானால் 6-ஆல், பியுஎன்னானால் (யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும்) 2.8-ஆல் வகுக்க வேண்டும்.

ரிக்வஸ்ட் ஃபார்மில் மாதிரி எடுத்த நேரம் இருக்கும். அறிகுறி தொடங்கி எத்தனையாவது நாள், ஸ்டீராய்டு எப்போது தொடங்கியது என்ற இரண்டும் பெரும்பாலும் இருக்காது. மூன்றாம் நாள் சிஆர்பி 40-ஐயும் ஒன்பதாம் நாள் சிஆர்பி 40-ஐயும் ஒரே மாதிரிப் படிக்க முடியாது.