வெள்ளியங்கிரி: சுனை நீரும் சுயம்பு நாதரும்

மாசி, பங்குனியில் கோவைச் சமவெளி காய்ந்து கிடக்கும்போதும் ஏழு மலை ஏறிச் சிவனைக் கும்பிடும் வெள்ளியங்கிரியின் சுனைகளில் தண்ணீர் இருக்கிறது. இரண்டு பருவமழையையும் மேலே உள்ள புல்வெளியும் சோலைக்காடும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் பாறை இடுக்கு வழியே சிறுகச் சிறுக விடுகின்றன. நாக்கு வறண்டு, வழியில் ‘கைதட்டிச் சுனை’ என்னும் ஊற்றில் குனிபவருக்குக் கிடைக்கும் அந்த ஒரு வாய்த் தண்ணீர், போன ஐப்பசியிலேயே அப்பன் எடுத்து வைத்தது. நொய்யல் பிறப்பதும் இந்த மலைகளில்தான்.

பிப்ரவரி முதல் மே வரைதான் மலையேற விடுவார்கள். மற்ற மாதங்கள் மழைக்கும் யானைக்கும் உரியவை. நேர்த்திக்கடனே ஆனாலும் அப்போது கிளம்ப வேண்டாம். பூண்டி அடிவாரத்தில் ஆண்டவரையும் மனோன்மணி அம்மனையும் கும்பிட்டுவிட்டு, மூங்கில் தடி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நெஞ்சு உயரம் இருக்கட்டும். கணுவில் விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். வனத்துறைச் சோதனையில் பிளாஸ்டிக் உறைகளை எடுத்துவிடுவார்கள் என்பதால் தின்பண்டத்தைத் துணிப்பையிலோ காகிதத்திலோ கட்டிக்கொள்வது நல்லது.

ஒரு வழி சுமார் 6 கி.மீ. ஏறுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 மணி நேரம் ஆகும். பலரும் தடுமாறுவது முதல் மலையில்தான். செங்குத்தான கற்படிகள், உடம்பு இன்னும் சூடேறியிருக்காது, கூட வருகிறவர்கள் வேகமாகப் போகிறார்களே என்று நாமும் விரைவோம். வெள்ளை விநாயகர் கோயிலை எட்டும் முன்பே மூச்சு வாங்கிவிடும். ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று மூச்சைச் சீராக்குங்கள். பாதம் முழுதும் படியில் பதியட்டும். நுனிக்காலில் ஏறினால் மூன்றாவது மலைக்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். 2024 பருவத்தில் மலையேறியவர்கள் சிலர் உயிரிழந்தார்கள். இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. அடிவாரத்திலிருந்து கும்பிட்டாலும் ஏற்றுக்கொள்பவன்தான் அவன்.

மேல் மலைகளில் மரம் குறைந்து புல்வெளி வரும், காற்றும் கூடவே வரும். வியர்வையில் நனைந்த சட்டையோடு அங்கே உட்கார்ந்தால் உடல் நடுங்கத் தொடங்கிவிடும். மாற்றுச் சட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். ஆண்டி சுனையில் முழுகுபவர்கள் உடனே துவட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அதற்கு மேல் சுவாமி முடி மலை, கடைசி ஏற்றம்.

அங்கே கோபுரமில்லை, விமானமில்லை. பெரும்பாறைகள் ஒன்றையொன்று சாய்ந்து தாங்கி நிற்க, அந்த இடுக்குக்குள் சுயம்பு. கல்லைப் படைத்தவன் கல்லிடுக்கிலேயே குடியிருக்கிறான். மேகம் உள்ளே புகுந்து லிங்கத்தை மூடி, மறுபடி விலகும். திரை போடவும் விலக்கவும் அங்கே ஆள் வேண்டியதில்லை. கற்பூரம் காற்றில் அணைந்து அணைந்து எரிகையில், என்ன வேண்டிக்கொண்டு வந்தோம் என்பதே மறந்துபோகும். புல்லுக்குப் பனியும் யானைக்கு மூங்கிலும் அளந்து கொடுப்பவனிடம் தனியாக எதைக் கேட்பது?

அந்த நிமிடத்தைத்தான் கூட்டம் பறித்துவிடுகிறது. சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி நாட்களில் சன்னதிக்கு எதிரேயே கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறார்கள். பின்னால் குளிரில் முதியவர்கள் வரிசையில் காத்திருப்பது கண்ணில் படுவதில்லை. சுனையருகே சோப்பு போடுவதும் உறைகளை எறிவதும் அவன் மேனியிலேயே குப்பை கொட்டுவதுதான். வார நாளில், பௌர்ணமி தவிர்த்துப் போனால் நின்று கும்பிடலாம்.

இறங்கும்போது முழங்கால்தான் பாடுபடும். தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு காலை வையுங்கள். வழுக்குப்பாறையில் பனி ஈரம் இருந்தால் பக்கவாட்டில் இறங்குங்கள். சுனையைக் கடக்கையில் இன்னொரு கை அள்ளிக் குடியுங்கள். அப்பனே, இத்தனை பேர் மிதித்தும் இந்த ஊற்றை அடைக்காமல் வைத்திருக்கிறாயே, உனக்குக் கோடி நமஸ்காரம்!