ஒரே டிரைவரை ரெண்டு தடவை கேக்குற செட்டப்

விண்டோஸ் எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபர்ல, ஹார்ட் டிஸ்க்க இணைக்கற சாட்டா கன்ட்ரோலரோட எப்படி பேசணும்னு சொல்ற ஏஎச்சிஐ ஸ்பெக் 1.0 வந்தது 2004ல. இந்த ரெண்டு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாலே பாதி விஷயம் புரிஞ்சுரும். எக்ஸ்பி சிடி தயாரானப்ப ஏஎச்சிஐன்னு ஒண்ணு உலகத்துலயே இல்ல, அதுக்கப்பறம் 2004ல சர்வீஸ் பேக் 2, 2008ல சர்வீஸ் பேக் 3ன்னு வந்தும் சிடில அந்த டிரைவர, அதாவது விண்டோஸுக்கு அந்த ஹார்ட்வேரோட பேசத் தெரிய வைக்கற ஃபைல மட்டும் சேக்கவே இல்ல. ஆனா 2007, 2008 வாக்குல வந்த நெறய லேப்டாப்ல பயாஸ்ல (மெஷின் ஆன் ஆனதும் மொதல்ல ஓடுற, போர்டுலயே இருக்குற புரோகிராம்) சாட்டா கன்ட்ரோலரை ஏஎச்சிஐ மோடுலயேதான் வச்சு அனுப்புனாங்க. எக்ஸ்பி சிடிய போட்டு பூட் பண்ணா நீலத் திரை வரும், கீழ ஃபைல் பேரா ஓடும், எல்லாம் நல்லாத்தான் போகுதுன்னு நெனைக்கும்போது "இந்தக் கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க்கே இல்ல"ன்னு செட்டப் சொல்லிட்டு நின்னுரும், இல்லன்னா ஸ்டாப் 7பி எரர், அதாவது பூட் ஆக வேண்டிய டிஸ்க்கே கெடைக்கலங்கற எரர்.

நான் அப்ப திருப்பூர்ல ஒரு ஏற்றுமதி கம்பெனில சிஸ்டம் அட்மினா இருந்தேன். புதுசா வாங்குன லேப்டாப்ல எல்லாம் விஸ்டா பிசினஸ் இருந்துச்சு, எங்க காஸ்டிங் சாஃப்ட்வேர் எக்ஸ்பில மட்டும்தான் ஒழுங்கா ஓடும். விஸ்டா பிசினஸ் லைசென்ஸ் இருந்தா எக்ஸ்பி புரொஃபஷனலுக்கு இறங்கிக்கலாம்னு மைக்ரோசாஃப்டே உரிமை குடுத்திருந்தாங்க, அதனால லைசென்ஸ்ல பிரச்சனை இல்ல, பிரச்சனை எல்லாம் அந்த சிடில இல்லாத ஒரு டிரைவர்தான்.

சிடில பூட் ஆனவுடனே சில செகண்டு கீழ ஒரு வரி வரும், வேற கம்பெனியோட ஸ்கசி இல்லன்னா ரெய்டு டிரைவர் (சிடில இல்லாத டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவர்) போடணும்னா எஃப்6 அமுக்குங்கன்னு. அமுக்குனா ஏ டிரைவ்ல இருக்குற ஃப்ளாப்பிய மட்டும்தான் பாக்கும். பென் டிரைவ் கெடயாது, சிடி கெடயாது, ஃப்ளாப்பி மட்டும்தான். லேப்டாப்ல ஃப்ளாப்பி டிரைவ் வர்றது எப்பவோ நின்னு போச்சு, அதனால யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஒண்ண வாங்கி வந்து செருகுவாங்க. எஃப்6 அமுக்குவாங்க, இன்டெல் பேர் போட்ட லிஸ்ட் வரும், சரியான கன்ட்ரோலர தேர்ந்தெடுப்பாங்க, ஹார்ட் டிஸ்க் தெரியும், பார்ட்டிஷன் போட்டு ஃபார்மட்டும் ஆயிரும். அப்பறம் ஃபைல் காப்பி ஆகுற எடத்துல திரும்பவும் அதே ஃப்ளாப்பிய உள்ள போடுங்கன்னு கேக்கும். ஃப்ளாப்பி உள்ளயேதான் இருக்கு, எத்தன தடவ என்டர் தட்டினாலும் போடுங்க போடுங்கன்னே கேட்டுட்டு இருக்கும். நெறய பேரு இந்த எடத்துலதான் ஃப்ளாப்பி கெட்டுப்போச்சுன்னு புது ஃப்ளாப்பி தேடி அலைஞ்சாங்க.

ஃப்ளாப்பில ஒரு கோளாறும் இல்ல. மொத தடவ அந்த ஃப்ளாப்பிய படிச்சது பயாஸ். யூஎஸ்பில மாட்டுனதையும் பயாஸ் சாதா ஃப்ளாப்பியாட்டம் காட்டிரும், செட்டப்போட லோடர் பயாஸ் வழியாத்தான் எல்லா ஃபைலையும் மெமரிக்கு எடுத்துட்டு வருது. ஆனா "விண்டோஸ் ஸ்டார்ட் ஆகுது"ன்னு கீழ வர்ற அந்த நொடில விண்டோஸோட சொந்த கெர்னல் (அதோட மையப் புரோகிராம்) பொறுப்ப எடுத்துக்கும், அதுக்கப்பறம் பயாஸ் வழியா எதையும் படிக்க முடியாது, சிடியா இருந்தாலும் ஃப்ளாப்பியா இருந்தாலும் ஹார்ட் டிஸ்க்கா இருந்தாலும் கெர்னல்கிட்ட அதுக்கான சொந்த டிரைவர் இருந்தாத்தான் கண்ணுக்கே தெரியும். நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர் குடோன் சாவிய இடுப்புலயே வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டா காலைல வர்றவரு வாசல்லயே நிக்கணும்ல, அந்த மாதிரி. மைக்ரோசாஃப்ட் குறிப்பிட்ட சில யூஎஸ்பி ஃப்ளாப்பி மாடல மட்டும்தான் எக்ஸ்பி செட்டப்புக்கு ஏத்ததுன்னு சொல்லியிருந்தாங்க, மத்த மாடல் எல்லாம் இந்த ரெண்டாவது கேள்வில மாட்டிக்கும்.

இத புரிஞ்சுக்கிட்டப்பறம்தான் இந்த வேல எனக்கு பிடிச்சுப்போச்சு. செட்டப்ங்கறது ஒரே புரோகிராம் இல்ல. லோடர், நீலத்திரை டெக்ஸ்ட் மோடு, ரீபூட் ஆனப்பறம் வர்ற கிராஃபிக்ஸ் மோடுன்னு கட்டம் கட்டமா போகுது, ஒவ்வொரு கட்டத்துலயும் ஹார்ட்வேர புதுசா பாக்குது, முந்தின கட்டத்துக்கு தெரிஞ்சது அடுத்த கட்டத்துக்கு தானா தெரியும்னு நம்பவே கூடாது. டிரைவர சிடிக்குள்ள சேக்குறதுன்னா ஃபைல உள்ள காப்பி பண்றதுன்னு நெறய பேரு நெனைக்கிறாங்க, எந்தக் கட்டம் எந்த நேரத்துல எங்க போய் தேடும்னு தெரிஞ்சு அங்க கொண்டுபோய் வைக்கிறதுதான் வேலையே.

எங்க சீனியர் அண்ணன் ஒருத்தரு, "எதுக்கு இவ்வளவு பாடு தம்பி, பயாஸ்ல போய் ஐடிஇ மோடுக்கு மாத்திட்டு அடிச்சு விட்ரு"ன்னு சொன்னாரு. அவரு சொன்னதும் நியாயம்தான், ஒரு மெஷின்னா நானே அப்படித்தான் பண்ணுவேன், ஐடிஇங்கறது கன்ட்ரோலர் பழைய வகை டிஸ்க் கன்ட்ரோலர் மாதிரி நடந்துக்கற மோடு, அதுல எக்ஸ்பியோட சொந்த டிரைவரே போதும், அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்ல வேகமும் பெருசா கொறையாது. ஆனா சில மாடல்ல பயாஸ்ல அந்த ஆப்ஷனே இருக்காது. அதவிட பெரிய காரணம் என்னன்னா, என்னைக்காவது யாராவது பயாஸ்ல டிஃபால்ட் செட்டிங் லோட் பண்ணிட்டாலோ உள்ள இருக்குற சின்ன பேட்டரி தீந்துட்டாலோ கன்ட்ரோலர் திரும்ப ஏஎச்சிஐக்கு போயிரும், அன்னைக்கு காலைல மெஷின் ஆன் பண்ணா 7பி. அது கரூர் பிராஞ்ச்ல நடந்தா அங்க பில் போடுற அக்காவுக்கு பயாஸ்னா என்னன்னே தெரியாது, தெரிஞ்சிருக்கணும்னும் அவசியம் இல்ல. அவங்க அன்னைக்கு சரக்கு அனுப்பணும், அவ்வளவுதான். இத சொன்னதும் அண்ணன், "சரி, அப்ப நீ டிஸ்க்கே ரெடி பண்ணு"ன்னுட்டாரு.

மொதல்ல எடுக்க வேண்டியது ஹார்ட்வேர் ஐடி. லேப்டாப் மாடல் பேர வச்சு டிரைவர் தேடாதீங்க, ஒரே மாடல் பேருல வேற வேற சிப்செட் வரும். விஸ்டா ஓடிட்டு இருக்கும்போதே டிவைஸ் மேனேஜர்ல போய் சாட்டா கன்ட்ரோலரோட டீடெய்ல்ஸ் டேப்ல பாத்தா வெண்டர் நம்பரும் டிவைஸ் நம்பரும் இருக்கும். வெண்டர் 8086னா இன்டெல். இன்டெல்லோட ஐசிஎச்8எம்ங்கற சிப்ல ஏஎச்சிஐ மோடுன்னா டிவைஸ் 2829, அதே சிப்ப ஐடிஇ மோடுல வச்சா 2828. ஐசிஎச்9எம்னா ஏஎச்சிஐல 2929. பயாஸ்ல ஒரு செட்டிங்க மாத்துனா நம்பரே மாறிடுது பாருங்க, விண்டோஸ் கண்ணுக்கு அது வேற சாமானாவே ஆயிருது, அதனாலதான் இன்ஸ்டால் பண்ணி முடிச்சப்பறம் மோட மாத்துனா பூட்டே ஆகாம நிக்குது.

எக்ஸ்பி சிடிக்குள்ள டிரைவர சேத்துக் குடுக்குற என்லைட்னு ஒரு சாஃப்ட்வேர் இருந்துச்சு, டீனோ நுஹாகிச்னு ஒருத்தரு எழுதுனது, எத்தனையோ அட்மினோட பொழப்ப காப்பாத்துன சாமான் அது. டிரைவரோட இன்ஃப் ஃபைல (எந்த ஹார்ட்வேருக்கு எந்த டிரைவர்னு சொல்ற ஃபைல்) காட்டுனா இது டெக்ஸ்ட் மோடு டிரைவரா சாதா பிஎன்பி (பிளக் அண்ட் பிளே, அதாவது ஹார்ட்வேர தானா கண்டுபிடிக்கிற முறை) டிரைவரான்னு கேக்கும், டெக்ஸ்ட் மோடுன்னு சொல்லி நம்ம கன்ட்ரோலர டிக் பண்ணா மத்தத அதுவே பாத்துக்கும். ஆனா நான் மொதல்ல கையாலயே பண்ணிப் பாக்கணும்னு பிடிவாதமா இருந்தேன், என்லைட் உள்ள என்ன பண்ணுதுன்னு தெரியாம அது குடுக்குற டிஸ்க்க பிராஞ்சுக்கு அனுப்ப மனசு வரல.

கையால பண்றதுன்னா, இன்டெல்லோட ஐஏஸ்டோர் டாட் சிஸ்ங்கற டிரைவர் ஃபைல மேக்கேப்ங்கற கமாண்ட் வச்சு சுருக்கி சிடி காப்பியோட ஐ386 ஃபோல்டர்ல போடணும். அப்பறம் அதே ஃபோல்டர்ல இருக்குற டிஎக்ஸ்டிசெட்டப் டாட் சிஃப் (txtsetup.sif)ங்கற ஃபைல நோட்பேட்ல திறந்து நாலு எடத்துல வரி சேக்கணும். இப்படி ஒரு ஃபைல் இருக்கு, அத இன்ன ஃபோல்டருக்கு காப்பி பண்ணுன்னு ஒரு எடத்துல. வெண்டர் 8086 டிவைஸ் 2829னு ஒரு சாமான் கண்ணுல பட்டா அதுக்கு ஐஏஸ்டோர்தான் டிரைவர்னு இன்னொரு எடத்துல. இத லோடர் மெமரிக்கு எடுத்துட்டு வரணும்னு மூணாவதுல, நாலாவது சும்மா ஸ்க்ரீன்ல காட்டுற பேரு. மூணாவது வரிதான் சாவிய அடுத்த ஷிஃப்டுக்கு குடுக்குற வரி, பயாஸ் இருக்கும்போதே டிரைவர எடுத்து மெமரில வச்சுக்கறதால கெர்னல் எந்திரிக்கும்போது அது தயாரா இருக்கும்.

இதோட டெக்ஸ்ட் மோடு தாண்டிரும், ஹார்ட் டிஸ்க் தெரியும், காப்பி ஆகும், ரீபூட் ஆகி டிஸ்க்ல இருந்தே எந்திரிக்கும். ஆனா கிராஃபிக்ஸ் மோடுல பிளக் அண்ட் பிளே வந்து எல்லா சாமானுக்கும் திரும்ப இன்ஃப் ஃபைல் தேடும். அதுக்காக டிரைவரோட இன்ஃப், கேட், சிஸ் மூணையும் சிடில ஓஇஎம் ஃபோல்டருக்குள்ள போட்டு, செட்டப் கேக்குற கேள்விக்கெல்லாம் முன்னாடியே பதில் எழுதி வைக்கற வின்என்டி டாட் சிஃப் ஃபைல்ல டிரைவர் இருக்குற பாதைய எழுதிரணும். அந்தப் பாதைய டிரைவ் எழுத்து போடாம, சி டிரைவோட ரூட்ல இருந்து கணக்கு வச்சு எழுதணும், ஏன்னா அந்தக் கட்டம் பாக்கறது காப்பி ஆகி முடிஞ்ச ஹார்ட் டிஸ்க்க, சிடிய இல்ல. அதே ஃபைல்ல புரொடக்ட் கீ, டைம் ஜோன் எல்லாம் நெரப்பி வச்சேன், ஆனா ஆட்டோபார்ட்டிஷன மட்டும் பூஜ்யமா விட்டேன். எந்தப் பார்ட்டிஷன்ல போடணும்னு செட்டப் நின்னு கேக்கட்டும், டி டிரைவ்ல ஒருத்தரோட வருஷக்கணக்கு பில் இருக்கலாம், அத ஒரு டிஸ்க் தானா முடிவு பண்ணக்கூடாது.

இதையெல்லாம் ஐஎஸ்ஓ (முழு சிடியையும் ஒரே ஃபைலா வச்சது) ஆக்கும்போது பூட் செக்டார் விஷயத்துல கவனமா இருக்கணும். எமுலேஷன் இல்லாம, லோடு ஆக வேண்டிய செக்டார் நாலுன்னு குடுக்கணும், 512 பைட் வீதம் மொத்தம் 2048. ஒண்ணுன்னு இருந்தா பூட் ஆகாது. சிடிய வேகம் கொறச்சு எழுதுங்க, பழைய சிடி டிரைவ்ல படிக்க அதுதான் நல்லது.

டெஸ்ட் பண்ண வழியத் தேடும்போது கெடச்சது ஒரு அருமையான விஷயம். கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு போலி கம்ப்யூட்டர ஓட்டுற விர்ச்சுவல்பாக்ஸ்ல சாட்டா கன்ட்ரோலர் சேத்தா அது ஐசிஎச்8எம்மாத்தான் தன்ன காட்டிக்கும், வெண்டர் 8086, டிவைஸ் 2829, நம்ம லேப்டாப்ல இருக்குற அதே நம்பர். அப்ப சிடி எழுதாமயே ஐஎஸ்ஓவ மாட்டி மூணு கட்டமும் தாண்டுதான்னு பாத்துக்கலாம். அந்த நாள்ல திருப்பூர்ல கரண்ட் கட்டு வேற, நெஜ மெஷின்ல பாதி இன்ஸ்டால்ல கரண்ட் போறதவிட இது எவ்வளவோ மேல். ஐசிஎச்9எம் லேப்டாப்புக்கு மட்டும் நெஜ மெஷின்லயே பாக்க வேண்டியிருந்துச்சு.

டிரைவர்பேக்னு எல்லா கம்பெனி ஸ்டோரேஜ் டிரைவரையும் மொத்தமா சேத்து குடுக்குற தொகுப்பும் இருந்துச்சு. என்ன மெஷின் வரும்னே தெரியாத சர்வீஸ் கடைக்கு அது வரப்பிரசாதம். எங்கள மாதிரி என்ன மெஷின் இருக்குன்னு தெரிஞ்ச எடத்துக்கு அது வேண்டாம்ங்கறது என் அபிப்பிராயம். இன்டெல் அப்ப வந்த வெர்ஷனுக்கெல்லாம் ஐஏஸ்டோர்ங்கற ஒரே பேர வச்சதால ஒரு சிடில ரெண்டு வெர்ஷன் சாதாரணமா நிக்காது, புது வெர்ஷன்ல சில சமயம் பழைய சிப்செட் நம்பர இன்ஃப்ல இருந்து எடுத்துருப்பாங்க. நம்ம கிட்ட இருக்குற எல்லா நம்பரும் எந்த வெர்ஷனோட இன்ஃப்ல இருக்குன்னு திறந்து பாத்து, அந்த ஒண்ண மட்டும் போடுங்க. டிஸ்க்கு மேல மார்க்கர்ல அந்த நம்பரயும் தேதியும் எழுதி வைங்க.

கரூர் அக்காவுக்கு அந்த டிஸ்க்க கூரியர்ல அனுப்பினேன், கூட தமிழ்ல ஒரு பக்கம் எழுதி வச்சேன், எந்த எடத்துல எந்தக் கீ அமுக்கணும், பார்ட்டிஷன் கேக்கும்போது எத தொடக்கூடாதுன்னு. சாயங்காலம் ஃபோன் பண்ணாங்க, "தம்பி, ஒரு தடவதான் கேள்வி கேட்டுச்சு, நீங்க எழுதுன மாதிரியே பண்ணிட்டேன், பில் போட ஆரம்பிச்சுட்டேன்"னு சொன்னாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஓட ஆதரவு முடிஞ்சு போச்சு. இந்த கதை முடியல. விண்டோஸ் 7ல ஏஎச்சிஐ டிரைவர் உள்ளயே இருந்துச்சு, ஆனா 2015ல இன்டெல்லோட ஸ்கைலேக் பிராசஸருக்கான போர்டு வந்தப்ப பழைய யூஎஸ்பி கன்ட்ரோலர் இன்டெல் சிப்செட்லயே இல்லாம போச்சு, விண்டோஸ் 7க்கு யூஎஸ்பி 3 தெரியாது. பென் டிரைவ்ல பூட் ஆகும், செட்டப் ஸ்க்ரீன் வரும், அப்பறம் சிடி டிவிடி டிரைவர் இல்லன்னு சொல்லும், கீபோர்டு மவுசும் செத்துரும். செட்டப் இருக்குற பூட் டாட் விம்ங்கற ஃபைல மெமரிக்கு எடுத்துட்டு வந்தது ஃபர்ம்வேர் (பயாஸோட வேலைய பாக்குறது), அதுக்கப்பறம் கெர்னலுக்கு அந்த பென் டிரைவே தெரியல, அதே ஷிஃப்ட் மாத்தற எடம்தான். இப்ப சிஃப் ஃபைல்ல எழுதறதுக்கு பதிலா விம் ஃபைலுக்குள்ள டிரைவர சேக்குற டிஐஎஸ்எம் கமாண்டு. பூட் டாட் விம்ல ரெண்டாவது இமேஜ்தான் செட்டப், அதுல டிரைவர சேக்கணும், டிஸ்க்ல போய் உக்கார்ற விண்டோஸ் இருக்குற இன்ஸ்டால் டாட் விம்லயும் தனியா சேக்கணும். ஒண்ணுல மட்டும் சேத்தா ஒண்ணு செட்டப்ல நிக்கும், இல்லன்னா இன்ஸ்டால் முடிஞ்சு மொத பூட்ல நிக்கும்.

இன்டெல் 11வது தலைமுறை லேப்டாப்ல இருந்து விஎம்டி (டிஸ்க்க இன்டெல்லோட சொந்த கன்ட்ரோலருக்குப் பின்னாடி வைக்கற வசதி) வந்துச்சு, பயாஸ்ல அது ஆன்ல இருந்தா விண்டோஸ் செட்டப்ல டிஸ்க் லிஸ்ட் காலியா இருக்கும். இப்பவும் டீம்ல பசங்க, "சார், விஎம்டிய ஆஃப் பண்ணிட்டு போட்ரலாமா"ன்னுதான் கேக்குறாங்க. புது மெஷின்ல டேட்டா எதுவும் இல்லன்னா ஆஃப் பண்ணி போடலாம், ஓடும். ஆனா ஏற்கனவே ஆன்ல வச்சு இன்ஸ்டால் ஆனத ஆஃப் பண்ணா பூட் டிவைஸ் கெடைக்கலன்னு பழைய 7பி எரரே வந்து நிக்கும், பிராஞ்ச்ல ஒரு மெஷின் ஆன்லயும் ஒண்ணு ஆஃப்லயும் இருந்தா ஃபோன்ல சப்போர்ட் குடுக்கறது ரொம்ப கஷ்டம். அதனால இன்டெல்லோட ஆர்எஸ்டிங்கற ஸ்டோரேஜ் டிரைவர் தொகுப்போட செட்டப் ஃபைல்ல இருந்து டிரைவர பிரிச்செடுத்து, ஐஏஸ்டோர்விடி இன்ஃப்ப பூட் டாட் விம், இன்ஸ்டால் டாட் விம் ரெண்டுலயும் சேத்து வச்சிருக்கோம், பயாஸ கம்பெனில இருந்து வந்தபடியே விட்டுடறோம்.